கடன் பாக்கியால் மறுக்கப்பட்ட நம்பகத்தன்மைத் தகுதி: அமெரிக்கப் பாதுகாப்புத் துறை மேல்முறையீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஒப்பந்த வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் என் கணவர் மென்பொருள் பிரிவில் இருந்தார். ராணுவக் குடும்பங்களின் மருத்துவக் காப்பீட்டுக் கணக்குகளைப் பார்க்கும் வேலை. கடன் பாக்கிகளைக் காரணம் காட்டி அவருக்கு நம்பகத்தன்மைத் தகுதி மறுக்கப்பட்டது. மேல்முறையீடு செய்தோம், தோற்றோம். ஓராண்டு கழித்து மறுபடி விண்ணப்பித்துத்தான் கிடைத்தது. அதே கடிதம் வந்த நண்பர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் அடிக்கடி போன் செய்து கேட்பதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. விதிகளை வரிவரியாகப் படிக்க வேண்டிய நிலை வந்ததால் படித்தவள், அவ்வளவுதான்.

நம்பகத்தன்மைத் தீர்மானம் என்றால் என்ன? செக்யூரிட்டி கிளியரன்ஸும் அதுவும் ஒன்றா?

ஒன்றில்லை, ஆனால் பக்கத்துப் பக்கத்து வீடு. கிளியரன்ஸ் என்பது ரகசிய ஆவணங்களைப் பார்ப்பதற்கான அனுமதி. நம்பகத்தன்மைத் தீர்மானம் ரகசியம் இல்லாத, ஆனால் தவறான கைக்குப் போனால் ஆபத்தான தகவல்களைக் கையாளும் பணிகளுக்கு. பேச்சு வழக்கில் 'பப்ளிக் டிரஸ்ட்' என்பார்கள். டிரைகேர் என்ற ராணுவ மருத்துவக் காப்பீட்டில் மட்டும் சுமார் 95 லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய நோய் விவரம், சமூகப் பாதுகாப்பு எண், முகவரி எல்லாம் ஒப்பந்த நிறுவன ஊழியர்களின் திரையில் வந்து போகும். அந்தத் திரைக்கு முன்னால் யாரை உட்கார வைக்கலாம் என்பதுதான் கேள்வி.

அளவுகோல் இரண்டுக்கும் ஒன்றுதான்: 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகள். அதில் பணப் பிரச்சினைகள் 'எஃப்' என்ற நெறியில் வருகின்றன. முதலில் ஆய்வு செய்வது, பாதுகாப்புத் துறையில் பின்னணி விசாரிக்கும் டி.சி.எஸ்.ஏ. எனும் முகமை. அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் விஷயம் 'டோஹா' என்று சுருக்கி அழைக்கப்படும் பாதுகாப்புத் துறை விசாரணை, மேல்முறையீட்டு அலுவலகத்துக்குப் போகும். அதன் தலைமையிடம் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில்.

இந்தப் பக்கம் முழுவதும் டோஹா வழியைப் பற்றியதுதான். வேறு துறைகளில் படிகளும் கெடுவும் வேறு. உங்கள் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்குச் சட்டம்.

நான் ஒரு பைசா திருடியதில்லை. கடன் வைத்திருப்பது குற்றமா?

குற்றம் இல்லை. குற்றம் என்று அவர்களும் சொல்வதில்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மனம் உடைந்து போகிறார்கள். என் கணவர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. 'என்னைத் திருடன் என்கிறார்கள்' என்றே எடுத்துக்கொண்டார்.

அவர்கள் நினைப்பது இதுதான்: தன் சொந்தக் கடமைகளைக் கவனிக்காமல் விட்டவர், அலுவலக விதிகளையும் அப்படியே விடுவாரோ? பண நெருக்கடியில் இருப்பவரை யாராவது காசு காட்டி வளைத்துவிடுவார்களோ? எனவே அவர்கள் பார்ப்பது தொகையை மட்டும் இல்லை. கடன் எப்படி வந்தது, வந்த பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதற்கே அதிக எடை. 60,000 டாலர் கடன் இருந்தும் தகுதி பெற்றவர்கள் இருப்பார்கள். 9,000 டாலர் பாக்கியைக் கவனிக்காமல் விட்டதற்காக இழந்தவர்களும் இருப்பார்கள்.

எதெல்லாம் பிரச்சினையாக எழுதப்படும்?

கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு, கலெக்‌ஷனுக்குப் போன மருத்துவமனை பில், வங்கி திரும்ப எடுத்துக்கொண்ட காரின் மீதிக் கடன், வீட்டுக் கடன் தவணை நின்று போனது, வரித் தாக்கல் செய்யாதது, வரி பாக்கி, சூதாட்டத்துக்காக வாங்கிய கடன், வருமானத்துக்கு மீறிய செலவு, எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாத திடீர்ப் பணம். இதில் வரித் தாக்கல் செய்யாததைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் பலர் அதைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடுகிறோம்.

இன்னொன்று: படிவத்தில் கடனை மறைப்பது. கடன் 'எஃப்' நெறியோடு போய்விடும். மறைத்தால் நேர்மை சம்பந்தப்பட்ட 'இ' நெறியும் சேர்ந்துகொள்ளும். கடனுக்குப் பரிகாரம் உண்டு. தெரிந்தே எழுதிய பொய்யிலிருந்து மீள்வது மிகக் கடினம்.

எஸ்.ஓ.ஆர். கடிதம் வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

எஸ்.ஓ.ஆர். என்பது காரணங்களைப் பட்டியலிட்டு வரும் கடிதம். ஒவ்வொரு கடனுக்கும் 1.அ, 1.ஆ என்பது போல ஒரு எண் போட்டிருப்பார்கள். கையில் கிடைத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் பதில் போக வேண்டும். உறையில் கிடைத்த தேதியை எழுதி வையுங்கள். அவகாசம் தேவைப்பட்டால் கெடு முடிவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

பதிலில் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக எடுத்து 'ஒப்புக்கொள்கிறேன்' அல்லது 'மறுக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். 'எல்லாவற்றையும் மறுக்கிறேன்' என்று மொத்தமாக எழுதினால் போதாது. ஒவ்வொன்றின் கீழும் என்ன நடந்தது, இப்போது என்ன நிலை என்பதை நாலைந்து வரியில் எழுதி, அதற்கான காகிதத்தை இணைக்க வேண்டும். உண்மை என்று உறுதிமொழி கூறிக் கையெழுத்திட வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து குற்றச்சாட்டுகள்: ஒரு மருத்துவமனை பில், இரண்டு கிரெடிட் கார்டு, ஒரு கார் கடன் மீதி, ஓராண்டு வரித் தாக்கல் செய்யாதது. வரி நீங்கலாகச் சுமார் 31,000 டாலர். அவர் ஐந்துக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதி, கீழே 'வேலை போனதால் வந்த கடன், கட்டிக்கொண்டிருக்கிறேன்' என்று ஒரே ஒரு வரி சேர்த்து அனுப்பினார். கட்டிக்கொண்டிருந்தது உண்மைதான். மாதம் 300 டாலர் வீதம் 11 மாத ரசீது ஒரு பழைய செருப்புப் பெட்டியில், அடுப்படி அலமாரியின் மேல் தட்டில் இருந்தது. ஒன்றைக்கூட இணைக்கவில்லை. 'கேட்டால் கொடுக்கலாம்' என்று இருந்துவிட்டார். யாரும் கேட்க மாட்டார்கள். கொண்டு வந்து காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது என்று விதியிலேயே இருக்கிறது.

விசாரணை கேட்கலாமா, காகிதத்தை வைத்தே முடிவு சொல்லச் சொல்லலாமா?

என் கருத்து: விசாரணை கேளுங்கள்.

பதில் அனுப்பும்போதே 'எனக்கு விசாரணை வேண்டும்' என்று தெளிவாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் காகிதத்தை வைத்தே முடிவு செய்வார்கள். அப்போது அரசுத் தரப்பு வழக்கறிஞர் தன்னிடம் உள்ள ஆவணங்களைத் தொகுத்து உங்களுக்கு அனுப்புவார். அந்தக் கட்டு கிடைத்த 30 நாளுக்குள் நீங்கள் மறுப்பும் கூடுதல் ஆவணங்களும் அனுப்பலாம். பலர் இதை வெறும் நகல் என்று நினைத்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் வைத்தோம். காகித வழியில் அதுதான் கடைசி வாய்ப்பு.

அவர் விசாரணை வேண்டாம் என்றதற்குக் காரணம் கூச்சம்தான். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் கடனைப் பற்றிப் பேசுவதா என்று நினைத்தார். புரிகிறது. ஆனால் காகிதத்தில் இருப்பது தொகையும் தேதியும் மட்டுமே. மருத்துவமனை பில் யாருடையது, அந்த ஆண்டு வீட்டில் என்ன நடந்தது, ஏன் எட்டு மாதம் சம்பளம் இல்லை என்பதெல்லாம் ஆள் வாயைத் திறந்தால்தான் வெளியே வரும். உங்கள் நேர்மையை எடைபோட வேண்டிய நீதிபதிக்கு உங்கள் முகத்தைப் பார்க்கும் வாய்ப்பை நாமே ஏன் தட்டிவிட வேண்டும்?

இந்த விசாரணை உரிமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1950-களில் ஒப்பந்த நிறுவனத்தில் இருந்த வில்லியம் கிரீன் என்ற விமானப் பொறியாளரின் கிளியரன்ஸ், அவருக்கு எதிராகச் சொன்னவர்களைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பே தராமல் பறிக்கப்பட்டது. 1959-இல் உச்ச நீதிமன்றம், இப்படிச் செய்ய அதிகாரம் அளிக்கப்படவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதிபர் ஐசனோவர் 10865 என்ற ஆணையைப் பிறப்பித்தார். ஒப்பந்த ஊழியர்களுக்கான விசாரணை முறை அதிலிருந்து வளர்ந்ததுதான்.

என்னென்ன காகிதம் சேர்க்க வேண்டும்?

முதலில் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட், அதாவது கடன் வரலாற்று அறிக்கை. அதைத் தயாரிக்கும் நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலிருந்தும் வாரம் ஒரு முறை இலவசமாக எடுக்கலாம். எஸ்.ஓ.ஆரில் உள்ள கடனும் ரிப்போர்ட்டில் உள்ள கடனும் ஒன்றுதானா என்று கணக்கு எண்ணை வைத்துப் பாருங்கள். கடன் ஒரு கலெக்‌ஷன் நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு விற்கப்படும்போது அதே கடன் இரண்டு பெயரில் இரண்டு முறை வந்திருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சொன்னாலே ஒரு எண் குறையும்.

அப்புறம் கடன் வாரியாக: கடன்காரருக்கு எழுதிய கடிதம், அவர்கள் ஒத்துக்கொண்ட தவணைத் திட்டம், கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் வங்கிக் கணக்கில் தெரியும் வரி, முடிந்திருந்தால் 'பாக்கி இல்லை' என்ற கடிதம். கடனே தவறு என்றால் தகராறு எழுப்பியதற்கான கடிதமும், ஏன் தவறு என்பதற்கான ஆதாரமும். 'இது என் கடன் இல்லை' என்ற வாய்ச்சொல் மட்டும் செல்லாது.

காரணத்துக்கான ஆதாரம் தனி: வேலையை விட்டு நீக்கிய கடிதம், வேலையில்லாக் கால உதவித்தொகைக் கடிதம், மருத்துவமனை ஆவணம், விவாகரத்து ஆணை, இறப்புச் சான்றிதழ். வழிகாட்டு நெறி, கட்டுப்பாட்டை மீறிய சூழ்நிலைகள் என்று இவற்றையே சொல்கிறது. மோசடிக் கடன் நிறுவனத்திடம் சிக்கியதும், அடையாளத் திருட்டும் அதில் வரும். ஆனால் அந்த வாக்கியம் அதோடு முடிவதில்லை. அந்தச் சூழ்நிலையில் நீங்கள் பொறுப்போடு நடந்துகொண்டீர்களா என்றும் கேட்கிறது. வேலை போனது உங்கள் தவறில்லை. வேலை திரும்பக் கிடைத்து மூன்று ஆண்டு கடன்காரருக்கு ஒரு போன்கூடப் போடாமல் இருந்தது உங்கள் தவறு என்பார்கள்.

கடைசியாக மாத வரவு செலவுக் கணக்கு. சம்பளம், வாடகை, மளிகை, கார், குழந்தைகளின் செலவு, ஊருக்கு அனுப்பும் பணம், மாதக் கடைசியில் மிஞ்சுவது. இதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மிச்சம் 40 டாலர் என்றாலும் அதையே எழுதுங்கள். எங்கள் இரண்டாவது முறையில் அதிகம் பேசப்பட்டது இந்தக் காகிதம்தான். கடன் ஆலோசனை எடுத்துக்கொண்டதற்கான சான்றிதழும் உதவும், ஆனால் லாப நோக்கமற்ற அமைப்பாகப் பார்த்துப் போங்கள். 'பாதிக் கடனை இல்லாமல் செய்கிறோம்' என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்களில் சில, கடன்காரருக்குக் கட்டாதே என்று சொல்லித் தன் கட்டணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். அது உங்கள் வழக்கை இன்னும் கெடுக்கும்.

எல்லாக் கடனையும் அடைத்தால்தான் தகுதி கிடைக்குமா?

இல்லை. 2008 மே மாதத்தில் டோஹா மேல்முறையீட்டு வாரியம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு கடனையும் தீர்த்துவிட்டதாகக் காட்ட வேண்டிய கட்டாயமில்லை. நியாயமான திட்டம் ஒன்று இருக்க வேண்டும், அதை நடைமுறைப்படுத்தக் குறிப்பிடத்தக்க அளவு செயல்பட்டிருக்க வேண்டும். பிற்பாடு வந்த எத்தனையோ தீர்ப்புகளில் இதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

'செயல்பட்டிருக்க வேண்டும்' என்பதில்தான் சிக்கல். வரும் மாதத்திலிருந்து கட்டுகிறேன் என்ற வாக்குறுதி, கட்டிய தவணைகளுக்கு ஈடாகாது. எஸ்.ஓ.ஆர். வந்த பிறகு அவசர அவசரமாக ஆரம்பித்த தவணைக்கும் எடை குறைவு, ஏனென்றால் வேலைக்கு ஆபத்து வந்தால்தான் கட்டுகிறார் என்று தோன்றும். தாமதமாகத்தான் ஆரம்பிக்க முடிந்தது என்றால் அதற்காக ஆரம்பிக்காமல் இருக்காதீர்கள். ஏன் தாமதம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏழு வருஷம் ஆகி என் கடன் கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்தே போய்விட்டது. அது தீர்ந்த மாதிரிதானே?

இல்லை. ரிப்போர்ட்டிலிருந்து மறைவது காலக்கணக்கால் நடப்பது, நீங்கள் கட்டியதால் இல்லை. மாநிலச் சட்டப்படி வசூலிக்க முடியாத அளவுக்குப் பழையதாகிவிட்டது என்ற வாதமும் அப்படித்தான். நீதிமன்றத்தில் அது உங்களைக் காப்பாற்றலாம். இங்கே, கெடு தீரும் வரை ஒதுங்கியிருந்தார் என்று எதிராகவே படிக்கப்படலாம். மருத்துவ பில்களிலும் இதே கதை. 500 டாலருக்குக் குறைவான மருத்துவ பாக்கிகளை மூன்று நிறுவனங்களும் 2023-லிருந்து ரிப்போர்ட்டில் காட்டுவதில்லை. ஆனாலும் எஸ்.ஓ.ஆரில் அது இருந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கடன்காரரே கடனைத் தள்ளுபடி செய்து, அதை வரித் துறைக்குத் தெரிவிக்கும் 1099-சி படிவம் அனுப்பியிருந்தால், அந்தத் தொகையை வருமானமாகக் காட்ட வேண்டியிருந்ததா, காட்டினீர்களா என்று கேட்பார்கள். தயாராக இருங்கள்.

திவால் மனு போட்டால் வாய்ப்பு போய்விடுமா?

அதனால் மட்டும் போகாது. திவால் சட்டப்பூர்வமான வழி. திவால் சட்டத்தின் அத்தியாயம் 13 என்றால் மூன்று முதல் ஐந்து ஆண்டு தவணை கட்டும் திட்டம். ஒழுங்காகக் கட்டி வருவதற்கான ஆவணம் நல்ல சாட்சி. அத்தியாயம் 7-இல் கடன்கள் கழிக்கப்படும், கட்டுவது என்பது பெரும்பாலும் இல்லை. அதனால் 'நல்லெண்ணத்தோடு திருப்பிச் செலுத்த முயன்றார்' என்ற சலுகை எளிதில் கிடைக்காது. வேறு காரணங்களைக் கொண்டு நிலைநாட்ட வேண்டும்: திவாலுக்கு எது தள்ளியது, அதற்குப் பிறகு புதிய பாக்கி ஏதும் உண்டா என்று.

வரித் தாக்கலை ஓராண்டு விட்டுவிட்டேன். ரீஃபண்டுதான் வரவேண்டியிருந்தது. அது பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். மற்ற கடன்கள் உங்களுக்கும் ஒரு வங்கிக்கும் இடையில். வரித் தாக்கல் எல்லாருக்கும் பொதுவான விதி, கெடு ஊரறிந்தது. அதைச் செய்யாதவர், தனக்குப் பிடிக்காத விதியை மதிக்க மாட்டார் என்றே வாரியம் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. ரீஃபண்டு வரும் என்பது விடை ஆகாது.

விடுபட்ட ஆண்டுகளை இன்றே தாக்கல் செய்யுங்கள். ஐ.ஆர்.எஸ். எனும் அமெரிக்க வரித் துறையிலிருந்து ஒவ்வொரு ஆண்டுக்கும் கணக்கு டிரான்ஸ்கிரிப்ட் (அவர்கள் பதிவில் உள்ள கணக்கு விவரம்) இலவசமாகக் கிடைக்கும், அதை இணையுங்கள். நீங்கள் தாக்கல் செய்த நகலை மட்டும் கொடுத்தால், அது உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி நிற்கும். பாக்கி இருந்தால் ஐ.ஆர்.எஸ்.-உடன் தவணை ஒப்பந்தம் போட்டு, தவறாமல் கட்டுங்கள். அப்படி ஒப்பந்தம் போட்டு அதன்படி நடப்பதை நெறியே சலுகையாகச் சொல்கிறது.

மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். கட்டாமல் விட்டது அவர். அதையும் என் தலையில் கட்டுவார்களா?

கட்டுவார்கள். கையெழுத்துப் போட்ட அன்றே அது உங்கள் கடன். ஆனால் விளக்க இடம் உண்டு. அவர் கட்டவில்லை என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது, தெரிந்ததும் என்ன செய்தீர்கள், இப்போது யார் கட்டுகிறார்கள் என்பதைத் தேதியோடு சொல்லுங்கள்.

நம் ஆட்களுக்கென்று இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கோ தங்கை கல்யாணத்துக்கோ ஊருக்கு அனுப்பிவிட்டு, இங்கே கார்டு பாக்கி விழுந்திருக்கும். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு 'செலவு அதிகமாகிவிட்டது' என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் ஊதாரி என்றுதான் படும். பணம் அனுப்பிய ரசீதையும், ஊர் மருத்துவமனை பில்லை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் வையுங்கள்.

விசாரணை நாள் எப்படி இருக்கும்?

டிவியில் வரும் கோர்ட் போல இருக்காது. ஒரு நிர்வாக நீதிபதி, அரசுத் தரப்பு வழக்கறிஞர், பேசுவதையெல்லாம் பதிவு செய்பவர், நீங்கள். குறைந்தது 15 நாள் முன்பே அறிவிப்பு வரும். இப்போது பல விசாரணைகள் வீடியோவில் நடக்கின்றன. இரண்டாவது முறை எங்களுடையதும் அப்படித்தான். அவர் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்தார். மேசையில் கடன் எண் வாரியாக அடையாளச் சீட்டு ஒட்டிய கோப்பு. நான் பக்கத்து அறையில், சாட்சியாகக் கூப்பிட்டால் வருவதற்குத் தயாராக.

நீதிபதி சத்தம் போடவில்லை. ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார்: 'வேலை கிடைத்த மாதத்துக்கும் முதல் தவணை கட்டிய மாதத்துக்கும் இடையில் 14 மாதம் இருக்கிறது. அந்த 14 மாதம் என்ன செய்தீர்கள்?' இவர் முதலில் சுற்றி வளைத்தார். மூன்றாவது முறை, 'பயந்து போய் எந்தக் கடிதத்தையும் பிரிக்கவே இல்லை' என்றார். எழுதி வைத்திருந்த எந்த விளக்கத்தைவிடவும் அந்த ஒரு வரிதான் உண்மை. முடியும்போது, விட்டுப்போன இரண்டு ஆவணங்களை அனுப்ப நீதிபதி பத்து நாள் அவகாசம் கொடுத்தார். அப்படி ஏதாவது விடுபட்டிருந்தால் விசாரணை முடிவதற்குள் வாய்விட்டுக் கேளுங்கள்.

நீதிபதி மறுத்துவிட்டார். மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள்?

தீர்ப்புத் தேதியிலிருந்து 15 நாளுக்குள் 'மேல்முறையீடு செய்கிறேன்' என்ற அறிவிப்பு வாரியத்தின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தபாலில் போட்ட தேதி கணக்கில்லை, சேர்ந்த தேதிதான் கணக்கு. நாளை எண்ணத் தொடங்குவதும் உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து அல்ல, தீர்ப்பில் போட்டிருக்கும் தேதியிலிருந்து. அறிவிப்பு ஒரு வரி போதும். வாதங்களை எழுதும் மனு, தீர்ப்புத் தேதியிலிருந்து 45 நாளுக்குள் சேர வேண்டும். எதிர்த்தரப்புக்கு மனு கிடைத்ததிலிருந்து 20 நாள் பதில் அவகாசம். நீங்கள் ஜெயித்தால் அரசுத் தரப்பும் இதே வழியில் மேல்முறையீடு செய்யலாம்.

புதிய ரசீதுகளை மேல்முறையீட்டில் கொடுக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். வாரியம் புதிய ஆதாரத்தை வாங்கவே வாங்காது. நீதிபதி முன் இருந்த காகிதங்களை வைத்து, அவர் சரியாகச் செய்தாரா என்று மட்டும்தான் பார்க்கும்.

நாங்கள் மேல்முறையீட்டு மனுவோடு செருப்புப் பெட்டியில் இருந்த 11 ரசீதையும் நகலெடுத்து அனுப்பினோம். இதைப் பார்த்தால் மனம் மாறிவிடுவார்கள் என்று நம்பினோம். வாரியத்தின் பதிலில் அவற்றைப் பற்றி ஒரு வாக்கியம் மட்டும் இருந்தது: புதிய ஆதாரம், பரிசீலிக்க இயலாது. ரசீது உண்மை, பணம் உண்மை, எல்லாம் தீர்ப்புக்கு முன்பே கட்டியது. கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்கவில்லை, அதுதான் தப்பு.

அப்படியானால் வாரியத்தில் எந்த வாதம் எடுபடும்?

மூன்றே மூன்று. நீதிபதி எழுதிய உண்மை விவரம் ஆவணத்தோடு ஒத்துப்போகவில்லை. அல்லது நடைமுறை விதி மீறப்பட்டது. அல்லது அவருடைய முடிவு தான்தோன்றித்தனமானது, சட்டத்துக்கு முரணானது.

எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1.இ கடன் கட்டவே படவில்லை என்று தீர்ப்பில் இருக்கிறது, ஆனால் நீங்கள் கொடுத்த ஆவணத்தில் 'பாக்கி இல்லை' கடிதம் இருக்கிறது. இது வலுவான வாதம், பக்க எண்ணோடு எழுதுங்கள். நீங்கள் குறித்த நாளுக்குள் அனுப்பிய ஆவணம் நீதிபதி கைக்கே போகவில்லை என்பதும் வலுவானது. அனுப்பியதற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான். எஸ்.ஓ.ஆரில் இல்லாத ஒன்றையே முக்கியக் காரணமாக வைத்து மறுத்திருந்தால் அதையும் எழுதலாம்.

எடுபடாதது: 'நீதிபதி என் பக்க நியாயத்துக்கு இன்னும் அதிக எடை கொடுத்திருக்க வேண்டும்.' கோப்பில் உள்ள எல்லாவற்றையும் நீதிபதி பார்த்தார் என்றே வாரியம் எடுத்துக்கொள்ளும். எடை போட்டதில் கருத்து வேறுபாடு என்றால் கைவைக்காது. இன்னொரு நீதிபதி இதே மாதிரி வழக்கில் தகுதி கொடுத்தார் என்பதும் தனியாக நின்று ஜெயிக்காது. வாரியம் தீர்ப்பை உறுதி செய்யலாம், மாற்றலாம், அல்லது குறிப்பிட்ட தவறைத் திருத்தும்படி நீதிபதிக்கே திருப்பி அனுப்பலாம்.

இந்த வேலை போனால் குடும்பமே தெருவுக்கு வந்துவிடும் என்று எழுதலாமா?

எழுதாமல் இருக்க முடியாது என்று தெரியும், நானும் எழுதினேன். ஆனால் மறுப்பதால் உங்களுக்கு என்ன நேரும் என்பது இந்தத் தீர்மானத்தில் கணக்கில் வராது. அதற்குச் செலவிடும் பக்கத்தை ஒரு கடனின் விளக்கத்துக்குக் கொடுங்கள். இன்னொரு விதியையும் தெரிந்துகொள்ள வேண்டும்: சந்தேகம் மிஞ்சினால் அது உங்களுக்கு எதிராகவே தீர்க்கப்படும். குற்றவியல் நீதிமன்றத்துக்கு நேர் மாறு.

வழக்கறிஞர் கட்டாயமா?

கட்டாயமில்லை, தனியாக வாதாடுபவர்கள் நிறைய. அரசு உங்களுக்கு வழக்கறிஞர் தராது. காசு ஒரு முறைதான் செலவழிக்க முடியும் என்றால், மேல்முறையீட்டுக்கு என்று ஒதுக்காமல் எஸ்.ஓ.ஆர். பதில் எழுதும்போதே செலவழியுங்கள். கட்டணத்துக்காகக் கடன் தவணையை நிறுத்தாதீர்கள். டோஹா தன் தீர்ப்புகளை, ஆள் பெயரை நீக்கி இணையத்தில் வெளியிடுகிறது. நம்பகத்தன்மை வழக்குகள் 'ஏ.டி.பி.' என்ற எழுத்தோடு தொடங்கும். உங்கள் நிலைமைக்கு நெருக்கமாக நாலு தீர்ப்பு படித்தாலே எது எடுபடும் என்று பிடிபட்டுவிடும்.

வாரியமும் மறுத்தால் நீதிமன்றம் போகலாமா?

பெரும்பாலும் பயனில்லை. கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை இல்லை, அதைத் தருவதும் மறுப்பதும் நிர்வாகத்தின் முடிவு என்று 1988-இல் ஈகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு தன் விதியையே மீறியது என்பது போன்ற குறுகிய வாதங்களுக்கு மட்டும் இடம் உண்டு. அதற்கு நிச்சயம் வழக்கறிஞர் வேண்டும்.

மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம்?

முதல் மறுப்புத் தீர்ப்பின் தேதியிலிருந்து ஓராண்டு கழித்து. மேல்முறையீடு முடிந்த தேதியிலிருந்து அல்ல, இதைப் பலர் தவறாகக் கணக்கிட்டு மாதங்களை வீணாக்குகிறார்கள். நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. அந்தத் தகுதி தேவைப்படும் வேலையில் உங்களை வைத்துக்கொள்ள ஒரு நிறுவனம் முன்வர வேண்டும். மறுத்த காரணங்கள் சரியாகிவிட்டன என்பதை நீங்கள் காட்ட வேண்டும். முன்பு மறுக்கப்பட்டதைப் படிவத்தில் மறைக்காமல் எழுத வேண்டும்.

அந்த ஓராண்டில் அவர் தகுதி தேவைப்படாத வேறு வேலைக்குப் போனார், சம்பளம் குறைவு. விட்டுப்போன வரித் தாக்கலை முதல் வாரத்திலேயே செய்தோம். சிறிய கார்டை முழுசாக முடித்தோம், மற்றவற்றுக்குத் தவணை தொடர்ந்தது. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, கட்டியதும் வங்கித் தாளை அச்செடுத்து, கடன் எண்ணை மூலையில் எழுதி, துளை போட்டுக் கோப்பில் வைப்பது என் வேலை. விசாரணைக்குப் போனபோது மருத்துவமனை பில்லில் இன்னும் 4,200 டாலர் பாக்கி இருந்தது. தகுதி கிடைத்தது. அந்தப் பில்லைக் கட்டி முடிக்க அதற்கப்புறம் ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. கடைசித் தவணையின் தாளும் அதே கோப்பில்தான் இருக்கிறது.